பாற்சர்க்கரையும் ஒரு பூட்டும்

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாளில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, நம் குடலில் வாழும் பாக்டீரியா பாற்சர்க்கரையைச் செரிக்கக் கற்றுக்கொள்ளுமா?” என்று கேட்டான். “ஆம், பழகப் பழகக் கற்றுக்கொள்ளும்” என்றேன். அவ்விடை பிழை. அதனைத் திருத்துவதற்கே இன்று உங்கள்முன் பேசுகிறேன்.

எஸ்செரிச்சியா கோலை என்பது அந்த நுண்ணுயிரின் பெயர். குளுக்கோஸ், பாற்சர்க்கரையாகிய லாக்டோஸ் ஆகிய இரண்டையும் ஒருங்கே அளித்தால், அது முதலில் குளுக்கோஸை உண்டு பெருகும். குளுக்கோஸ் தீர்ந்தவுடன் வளர்ச்சி சிறிது நேரம் நின்றுவிடும். பின்னர் லாக்டோஸை உண்டு மீண்டும் பெருகும். இத்தகைய இருபடி வளர்ச்சியை 1940ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிஸ் நகரில் ஆராய்ந்தவர் ழாக் மோனோ என்னும் அறிஞர்.

இடையிலே அந்த ஓய்வு ஏன்? லாக்டோஸைப் பிளக்கும் நொதியை அப்போதுதான் அது மிகுதியாக ஆக்கத் தொடங்குகிறது. சர்க்கரையே அச்சாக நின்று நொதியை வார்க்கிறது என்று ஒரு காலத்தில் அறிஞர் சிலர் கருதினர். என் விடையும் அதனை ஒத்ததே. ஆனால், லாக்டோஸ் சிறிதும் இல்லாதபோதும் ஓயாமல் நொதியை ஆக்கும் திரிபு வகைகள் கிடைத்தன. ஆசிரியர் வராமலே மாணவன் பாடம் ஒப்பிக்கிறான் என்றால், அப்பாடம் முன்னமே அவனிடம் இருந்திருக்க வேண்டுமல்லவா?

மோனோவும் பிரான்சுவா ஜாகோபும் 1961ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். நொதிக்குரிய மரபணு எப்போதும் உள்ளே உண்டு. அடக்கி என்னும் பொருள் அதன் வாயிலில் பூட்டாக அமர்ந்திருக்கிறது. அஃது ஒரு புரதம் என்பதை 1966இல் கில்பர்ட்டும் மியூலர்-ஹில்லும் பிரித்தெடுத்துக் காட்டினர்.

பூட்டு அவ்வப்போது சற்றே நெகிழ்வதால், நொதி மிகச் சிறிதளவு எப்போதும் இருக்கும். உள்ளே நுழையும் லாக்டோஸில் ஒரு பகுதியை அது அல்லோலாக்டோஸாக மாற்றும். அப்பொருள் அடக்கியைப் பற்றி அதன் உருவை மாற்றவே, பூட்டு கழன்றுவிடும். குளுக்கோஸ் உள்ளவரையிலோ, லாக்டோஸ் உள்ளே வருவதே தடைப்படும். மரபணுவை முடுக்கும் துணைப் புரதமும் நன்கு இயங்காது. எளிதில் உண்ணத்தக்க உணவு இருக்கையில் வேறு நொதியை ஆக்குவது வீண் செலவன்றோ? லாக்டோஸ் தீர்ந்தால் வாயில் மீண்டும் அடைபடும்.

ஜாகோப், மோனோ, லுவோஃப் ஆகிய மூவருக்கும் 1965இல் நோபல் பரிசு கிடைத்தது.

அன்று கேட்ட மாணவன் இப்பேச்சைக் கேட்க நேர்ந்தால், அவனுக்கு ஒன்று சொல்வேன்: “தம்பி, அந்த நுண்ணுயிர் புதிதாக எதையும் கற்கவில்லை, தன்னிடம் உள்ளதை வேண்டும்போது திறக்கிறது. கற்றுக்கொள்ள வேண்டியிருந்தவன் நான்தான்.”