யூடியூப் அலைவரிசை: ஓர் உபதொழில்

மழையை நம்பி உழும் விவசாயிக்கும், அயல்நாட்டு ஆர்டரை நம்பி ஷூ தைக்கும் தொழிலாளிக்கும் ஆண்டு முழுவதும் ஒரே சீரான வேலை அமைவதில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இவ்விருவரும் ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பங்கள் பல. வேலை குறைந்த மாதங்களில் கைகொடுக்கக் கறவை மாடு, ஆடு, கோழி ஆகியவை உண்டு. செல்பேசியில் படம் பிடித்து யூடியூபில் வெளியிடுவதும் இன்று அவற்றோடு சேர்ந்துள்ளது. இதில் வருவாய் வரும் வழியையும், ஏமாறும் வழியையும் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஒரு கிராமத்தின் வெற்றி

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பம் 2018ஆம் ஆண்டில் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் அலைவரிசையைத் தொடங்கியது. சமையல் தொழிலில் பழகிய பெரியதம்பி என்னும் முதியவரும் அவருடைய பேரன்மாரும் வயல்வெளியில் விறகடுப்பு மூட்டிச் சமைத்தனர். சமைத்ததை முதியோருக்கும் எளியோருக்கும் வழங்கினர். 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ் அலைவரிசை என்னும் பெருமை அதற்குக் கிட்டியது. அவ்வாண்டே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு அவர்கள் பத்து லட்சம் ரூபாய் அளித்தனர். அம்மியும் அடுப்பும் வயலும் ஆகிய தங்களிடம் உள்ளவற்றையே அவர்கள் காட்டினர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வருவாய் வரும் வழி

அலைவரிசை தொடங்கக் கட்டணம் இல்லை. ஆயினும் தொடங்கியவுடன் பணம் வருவதும் இல்லை. விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்கள் சேரவேண்டும். அத்துடன், கடந்த 12 மாதங்களில் படங்கள் மொத்தம் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். குறும்படங்களாயின் 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வைகள் தேவை.

4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் ஒரு படத்தை 4 நிமிடம் பார்ப்பதாகக் கொண்டால், 60,000 பார்வைகள் வேண்டும். வாரம் ஒரு படம் வெளியிடுபவருக்கு ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 1,150 பேர் பார்த்தால்தான் ஓராண்டில் இவ்விலக்கு கைகூடும். அதன் பின்னர், நீண்ட படங்களோடு வரும் விளம்பரங்களின் வருவாயில் நூற்றுக்கு 55 பங்கு அலைவரிசைக்கு உரியது. கணக்கில் 100 டாலர் அளவு சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். ஆதலால் இதனைத் தென்னங்கன்று நடுவதற்கு ஒப்பிடலாம். காய்க்கும்வரை உண்ண வேறு பயிர் வேண்டும். ஆலை வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குவது தகாது. கடன் வாங்கிக் கேமரா வாங்குவதும் தகாது. கையிலுள்ள செல்பேசியும், காலை வெளிச்சமும், தெளிவான பேச்சும் தொடக்கத்திற்குப் போதும்.

எதைக் காட்டலாம்?

நம் வட்டாரத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை. அசல் தோலையும் போலித் தோலையும் பிரித்தறிவது எப்படி, ஷூவைப் பேணுவது எப்படி என்பவற்றைத் தொழிலாளியைவிட நன்கு கூறவல்லவர் யார்? சீரகச் சம்பாவில் செய்யும் ஆம்பூர்ப் பிரியாணி உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள் கத்தரிக்காயின் சாகுபடி முறை உண்டு. தோல் கழிவினால் பாலாற்றுப் படுகை நிலங்கள் கெட்டதை உச்ச நீதிமன்றம் 1996இலும் 2025இலும் தன் தீர்ப்புகளில் எடுத்துரைத்தது. அத்தகைய உவர் நிலத்தில் எப்பயிர் தாங்குகிறது என்று கண்டறிந்த உழவரின் அனுபவம், பிற உழவர்க்குப் பெரும்பயன் தரும்.

எச்சரிக்கைகள்

தொழிற்சாலையினுள் அனுமதியின்றிப் படம் பிடித்தல் கூடாது, வேலையே பறிபோகலாம். பிறருடைய படத்தையோ பாடலையோ எடுத்தாளுதலும் கூடாது. 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமைக் குற்றங்கள் பதிவானால் அலைவரிசையே நீக்கப்படலாம். ‘பணம் கொடுங்கள், ஆயிரம் சந்தாதாரர்களைச் சேர்த்துத் தருகிறோம்’ என்பாரை நம்பலாகாது. போலிச் சந்தாதாரர்கள் நீக்கப்படுவர். கொடுத்த பணமும் திரும்பாது. கடவுச்சொல்லையும் வங்கி இரகசிய எண்ணையும் எவரிடமும் கூறலாகாது. ஈட்டிய வருவாயை வருமான வரிக் கணக்கில் காட்டுதலும் கடமையாகும்.

ஊராட்சி செய்யத்தக்கது

மகளிர் சுய உதவிக் குழுவினர் கூட்டாக அலைவரிசை நடத்துவாராயின், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முதல் படத்திற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். அலைவரிசையை நிர்வகிக்கும் உரிமையை ஒருவருக்கு மேற்பட்டோருக்கு அளிக்க யூடியூபிலேயே வசதியுண்டு. சாவி ஒருவர் கையில் மட்டும் இருத்தல் நன்றன்று. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் மோசடிகளைப் பற்றி உறுப்பினர்கள் மக்களுக்கு எடுத்துரைக்கலாம். விளம்பரப் பணம் வரத் தாமதமாயினும், தம் கத்தரிக்காயையும் கைத்திறனையும் வாங்குவோர் நேரே அறிந்துகொள்ள வழி பிறக்கும். சிறு உழவருக்கு அதுவே முதல் ஆதாயம்.