சோறும் பருப்பும் சண்டையிடுமா?

மாவுச்சத்து மிகுந்த உணவையும் புரதம் மிகுந்த உணவையும் ஒரே வேளையில் உண்ணக்கூடாது என்று சிலர் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். இக்கருத்தைப் பெரிதும் பரப்பியவர் வில்லியம் ஹோவர்டு ஹே (1866–1940) என்ற அமெரிக்க மருத்துவர்.

அவருடைய வாதம் எளியது. புரதம் செரிக்க அமிலம் வேண்டும். மாவுச்சத்து செரிக்கக் காரம் வேண்டும். அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடும். ஆகவே இரு உணவுகளும் சேர்ந்தால் எதுவுமே சரியாகச் செரிக்காது!

வேதியியல் படித்த உங்களுக்கு இது சரியென்றே தோன்றும். ஆனால் நம் உணவுப்பாதை ஒரே சோதனைக்குழாய் அன்று. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வேலை நடக்கும் நீண்ட பாதை அது. பருப்பு பிசைந்த சோற்றில் ஒரு கவளத்தைப் பின்தொடர்ந்து செல்வோமா?

வாயில் உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. வெறும் சோற்றை இரண்டு நிமிடம் விழுங்காமல் மென்று பாருங்கள், இலேசாக இனிக்கும்.

அடுத்தது இரைப்பை. இங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. பெப்சின் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கிறது. கவளத்தினுள் அமிலம் புகுந்ததும் அமைலேஸின் வேலை நின்றுவிடும். மீதி மாவுச்சத்து என்னவாகும்? ஒன்றும் ஆகாது. தன் முறைக்குக் காத்திருக்கும்.

அந்த முறை முன்சிறுகுடலில் வருகிறது. கணையநீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை நடுநிலையாக்குகிறது. அதே கணையநீரில் மாவுச்சத்துக்கு அமைலேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கொழுப்புக்கு லிப்பேஸ் மூன்றும் உள்ளன. இவை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. டிரிப்சின் நன்கு செயல்படுவது அமிலத்தில் அன்று, சற்றே காரமான சூழலில்! புரதத்தின் பெரும்பகுதி செரிப்பதும் இங்கேதான். ஹேயின் வாதம் இங்கே உடைந்துபோகிறது.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். 100 கிராம் துவரம் பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. அதைவிட இரு மடங்குக்கு மேல் மாவுப்பொருளும் உண்டு. இயற்கையே சேர்த்து வைத்திருப்பதை நாம் எப்படிப் பிரிப்பது?

பிரித்து உண்டால் உடல் இளைக்கும் என்றும் சொல்வதுண்டு. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். உடல் பருத்த 54 பேரை இரு குழுக்களாக்கி, இரு குழுவுக்கும் நாள்தோறும் 1,100 கிலோகலோரி உணவு தந்தனர். ஆறு வாரங்களில் பிரித்து உண்டவர்கள் சராசரியாக 6.2 கிலோவும் சேர்த்து உண்டவர்கள் 7.5 கிலோவும் எடை குறைந்தனர். இது புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. எடையைக் குறைத்தது பிரித்து உண்டதல்ல, குறைத்து உண்டதே.

அப்படியானால் உணவுகளைச் சேர்ப்பதில் பொருளே இல்லையா? உண்டு! அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. ஆகவே சோறும் பருப்பும் சண்டையிடுவதில்லை. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இட்லியும் பொங்கலும் இவ்வகைக் கூட்டுகளே.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அவற்றின் வைட்டமின் சி கூடுதல் இரும்பை ஏற்கச் செய்கிறது. தேநீரிலுள்ள டானின்கள் இதற்கு நேர்மாறாக இரும்பைத் தடுக்கின்றன.

இது சிறிய செய்தியன்று. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. எனவே சோற்றையும் பருப்பையும் பிரிக்க வேண்டாம். பிரிக்க வேண்டியது சாப்பாட்டையும் தேநீரையும்தான். இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.