கூண்டுப் பறவையும் ஓர் அமானிதமே!

ஒருநாள் மாலை, நங்கநல்லூரில் நான் ஓதிக் கொடுக்கும் மதரஸாவுக்குப் பத்து வயது மாணவன் ஒருவன் அட்டைப் பெட்டியொன்றை மார்போடு அணைத்தபடி வந்தான். உள்ளே ஒரு பச்சைக்கிளி. “ஹஜ்ரத்! இதற்கு ஸலாம் சொல்லக் கற்றுக் கொடுக்கப் போகிறேன்” என்றான். சந்தையில் அவன் அத்தா வாங்கித் தந்ததாம். கிளியின் சிறகுகள் கத்தரிக்கப்பட்டிருந்தன.

வீட்டில் பறவை வளர்க்கலாமா? வளர்க்கலாம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் சிறுவராக இருந்தபோது ஒரு சின்னஞ்சிறு குருவியை வைத்து விளையாடுவார். அதைப் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அன்போடு விசாரித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் அளிக்காமல், தானே இரை தேட விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானாள் என்று எச்சரித்தவர்களும் அவர்களே. ஆகவே அனுமதியோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

முதற்பொறுப்பு, எந்தப் பறவை என்று தெரிந்து வாங்குவது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மரப்பொந்திலிருந்து பிடிக்கப்படும் குஞ்சுகளில் பல, சந்தைக்கு வருமுன்பே மடிந்துவிடுகின்றன. சாம்பல் கிளி, மக்காவ் போன்ற வெளிநாட்டுப் பறவைகளை வைத்திருப்போர், 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

சாதாரணக் குடும்பங்களுக்கு ஏற்றவை, நம் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் பட்ஜி என்னும் சிறு கிளிகள். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுபவை. கூட்டமாக வாழும் இயல்பினவாதலால் தனியாக ஒன்றை வாங்காதீர்கள். கண்கள் தெளிவாகவும், மூக்குத் துவாரம் உலர்ந்தும், பின்புறம் சுத்தமாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வளர்ந்த பறவையில் அலகுக்கு மேலுள்ள தசை பெரும்பாலும் ஆணுக்கு நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும்.

கூண்டு உயரத்தைவிட அகலம் மிகுந்ததாக இருக்கட்டும். கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சமையலறையில் ஒருபோதும் வைக்காதீர்கள்; அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகை, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். நேர் வெயிலும் ஆகாது. முன்பு நானே ஒரு மே மாத நண்பகலில் கூண்டை மாடியில் மறந்து வைத்துவிட்டு, லுஹர் தொழுது திரும்புவதற்குள் ஒரு பறவையைப் பறிகொடுத்தேன். அந்தக் குற்ற உணர்வு இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வெப்பத்தால் தவிக்கிறது என்று பொருள். உடனே நிழலுக்கு மாற்றித் தண்ணீர் வையுங்கள்.

தினை, சாமையோடு கீரை, கேரட் துருவலும் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை எனப்படும் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டலாம். வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் அவற்றுக்கு நஞ்சு. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரவில் பத்து மணி நேரமாவது இருளும் அமைதியும் தேவை. வெளியே பறக்க விடுமுன் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்துங்கள்.

பறவைகள் நோயை மறைக்கும் இயல்புடையவை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, உண்ணாமல் ஒடுங்கியிருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடமோ எடுத்துச் செல்லுங்கள்.

இவை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை வாழும். பெருநாளுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊர் போகும்போது யார் தண்ணீர் வைப்பார்? இதற்கு விடை தெரிந்த பின்னரே வாங்குங்கள். அலுத்துவிட்டது என்று வெளியே பறக்க விடுவதும் கருணையன்று; கூண்டிலேயே பிறந்தது வெளியே இரை தேட அறியாது.

அந்தச் சிறுவனின் தந்தையிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். மறுநாளே அவர் கிளியைக் கிண்டி வனத்துறையினரிடம் ஒப்படைத்தார். மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது அவன் வீட்டில் ஒரு ஜோடி பட்ஜி வளர்கிறது. அஸருக்குப் பின் மதரஸாவுக்கு மேலே கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு பறக்கும்போது, அவன் ஓதுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறான். நான் கண்டிப்பதில்லை.