பகல் தூக்கத்துக்கு ஒரு கைலி

காலை ஏழு மணிக்குச் சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் கம்பெனி பஸ்கள் இரண்டு திசையிலும் போய்வரும். ஒரகடத்துக்கு ஆளேற்றிக்கொண்டு போவது ஒன்று. அங்கே நைட் ஷிஃப்ட் முடித்தவர்களைக் கொண்டுவந்து இறக்குவது இன்னொன்று. இறங்கியவர்கள் டீ குடித்துவிட்டு வாடகை அறைக்குப் போய், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுக்கிறார்கள். ஊருக்கு வெயில் ஏறும் நேரம்தான் இவர்களுக்கு இரவு. தூக்கம் கெடுவதற்குக் காரணம் கேட்டால் சத்தம், வெளிச்சம், போன் என்று வரிசையாகச் சொல்வார்கள். உடம்பின் மேல் கிடக்கும் துணி அந்தக் கணக்கில் வருவதே இல்லை. பகலில் தூங்குகிறவர் அதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தூக்கம் வர வேண்டுமானால் உடம்பின் உட்புறம் கொஞ்சம் குளிர வேண்டும். இரவில் தூங்கிப் பகலில் விழித்திருப்பவரின் உள்வெப்பம் மாலையில் உச்சத்தில் இருக்கும். பிறகு மெல்ல இறங்கி, விடியற்காலை நாலைந்து மணிக்கு அடிமட்டத்தைத் தொடும். மொத்த வித்தியாசம் சுமார் 1 டிகிரி செல்சியஸ்தான். இந்த இறக்கத்துக்காகக் கை கால்களின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. சூடான ரத்தம் தோலுக்கு வந்து வெப்பத்தை வெளியே விடுகிறது. கையும் காலும் கதகதப்பாகிறவருக்குச் சீக்கிரம் தூக்கம் பிடிக்கிறது என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். படுக்கும்போது குழந்தையின் உள்ளங்கால் சூடாக இருப்பதைத் தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். அது வெப்பம் வெளியேறும் சூடு.

நைட் ஷிஃப்ட்காரர் படுக்கும் நேரத்தில் இதெல்லாம் தலைகீழ். அவர் உடம்பின் கடிகாரம் ஷிஃப்டைப் பார்த்து ஒரே வாரத்தில் மாறிவிடாது. காலை எட்டு மணிக்கு அவர் கண்ணை மூடினாலும் உள்வெப்பம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அறையின் வெப்பமும் கூடவே ஏறும். வெப்பத்தை வெளியே தள்ளும் வேலை இரண்டு பக்கமும் கடினமாகிவிட்ட நேரம் அது. இந்த நேரத்தில் தவறான துணி செய்யும் கெடுதல், இரவில் செய்வதைவிட அதிகம்.

தூங்கும் மனித உடம்பு ஏறக்குறைய 70 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. தலைக்கு மேல் சுற்றும் பழைய மாடல் சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை இந்த வெப்பம் தானாகவே வெளியேறும். மே மாத நண்பகலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அறைக்காற்று 35 டிகிரியைத் தாண்டும். தோலின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு. அப்போது மிச்சம் இருக்கிற வழி வியர்வை ஒன்றுதான். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் அரை கிலோகலோரிக்குச் சற்று அதிகமான வெப்பம் போகும். மணிக்கு நூறு கிராம் ஆவியாகிவிட்டால் உடம்பு உண்டாக்கும் சூடு அத்தனையும் கணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் அது ஆவியாக வேண்டும். பாயில் வழிந்தாலோ துணியில் ஊறிக் கிடந்தாலோ பெரிய பயன் இல்லை. கடல் பக்கம் இருக்கிற நமக்கு ஈரக்காற்று வேறு இடைஞ்சல். போதாக்குறைக்கு, கனவு வரும் தூக்கக் கட்டத்தில் வெப்பத்தைச் சீர்படுத்தும் உடம்பின் திறனே மந்தமாகிறது. ஈரப்புழுக்கத்தில் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் குறைந்து, இடையிடையே விழிப்பு கூடுகிறது.

இனி துணியைப் பார்ப்போம். சாதாரண ஈரக்காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை உள்ளே வாங்கிவைக்கும். பாலியஸ்டர் வாங்குவது அரை சதவீதத்துக்கும் குறைவு. வழுவழுப்பான சாட்டின் நைட்டியில் புழுங்குவதற்கு இது ஒரு காரணம். ‘அப்படியானால் விளையாட்டு வீரர்கள் ஏன் பாலியஸ்டர் போடுகிறார்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தத் துணி, கொட்டும் வியர்வையை இழுத்துப் பரப்பி உலர்த்துவதற்கென்றே நூற்று நெய்தது. ஓடுகிறவருக்குக் காற்றும் தாராளமாகக் கிடைக்கும். நடைபாதைக் கடையில் வாங்கும் ட்ராக் பேன்டில் அந்த வேலைப்பாட்டை எதிர்பார்க்க முடியாது. பருத்திக்கும் ஒரு குறை உண்டு: தொப்பலாக நனைந்தால் ஒட்டிக்கொள்ளும், காய நேரமாகும். ஆகவே ‘காட்டன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. மெல்லியதாக, இடைவெளிவிட்டு நெய்ததாக, எல்லாவற்றுக்கும் மேலாகத் தொளதொளவென்று இருக்க வேண்டும். துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நகர்ந்தால்தான் வியர்வை ஆவியாகும். தடித்த காட்டன் ஜீன்ஸும் காட்டன்தானே; அதோடு யாரால் தூங்க முடியும்?

இந்தத் தேவை எல்லாவற்றுக்கும் கைலி பொருந்துகிறது. குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் நெய்து வரும் சாதாரண மூட்டிய கைலியைச் சொல்கிறேன். இடுப்பில் எலாஸ்டிக் கிடையாது. தூக்கத்தில் இறுகினால் தானே தளரும். கீழ்ப்பக்கம் முழுக்கத் திறப்பு. புரண்டு படுக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சூடான காற்று வெளியேறிப் புதுக்காற்று வரும். பழைய கைலி இன்னும் சுகம் என்று எல்லோரும் சொல்வது வெறும் பழக்கத்தால் அல்ல. நெய்யும்போது பாவுநூலுக்குப் போடும் கஞ்சி, துவைக்கத் துவைக்கப் போய்விடுகிறது. துணி மெலிந்து இளகுகிறது. புதுக் கைலியை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுக் கட்டுவது நல்லது. அலுப்பில் யூனிஃபார்மோடு அப்படியே சாய்ந்துவிடுகிறவர்களும் உண்டு. உடை மாற்றும் அந்த ஐந்து நிமிடத்தை அவர்கள் மிச்சம் பிடிக்கக் கூடாது. வியர்வை ஊறிய இறுக்கமான துணி தொடையிடுக்கில் படர்தாமரைக்கு இடம் கொடுக்கும்; ஒருமுறை வந்தால் அதன் அரிப்பே தூக்கத்தைத் தின்றுவிடும்.

பெண்களுக்குச் சிக்கல் கூடுதல். பல பேர் பகிரும் அறையில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே, உடுத்தியிருந்த சுடிதாரையும் இறுக்கமான உள்ளாடையையும் கழற்றாமலேயே படுக்கிறார்கள். இது வெறும் துணி விஷயம் இல்லை, இடம் பற்றிய விஷயம். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பெண்கள் தங்கலாம். இப்படிப்பட்ட இடங்களில் உடை மாற்றத் தடுப்பும், கட்டிலுக்கு ஒரு திரையும் இருந்தால் பருத்தி நைட்டியோடு நிம்மதியாகத் தூங்க முடியும். திரை ஆடம்பரச் செலவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏசி அறையில் கணக்கு மாறும். 22 டிகிரியில் வெறும் கைலியோடு படுத்தால் கால் சில்லிட்டு ரத்தக்குழாய் சுருங்கும். வெப்பம் வெளியேறும் வழி அடைபடும். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2008இல், மெல்லிய குழாய்களில் வெந்நீர் ஓடும் உடையை அணிவித்துத் தோலின் வெப்பத்தை வெறும் 0.4 டிகிரி கூட்டினார்கள். அதிலேயே தூக்கம் ஆழமானது. ஏசியில் படுப்பவர் பாதத்தை மூடிக்கொள்ளட்டும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு போர்வையை வைத்துக்கொள்ளட்டும்.

ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் தொழிலாளிக்குப் பரிசு கொடுக்கும் கம்பெனிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த முறை எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பதிலாக நல்ல பருத்திக் கைலி இரண்டு, நைட்டி இரண்டு கொடுங்கள். பகலில் தூங்கிவிட்டு இரவில் மெஷின் முன்னால் நிற்கிறவருக்கு அது நேராக உதவும்.