கிறிஸ்துமசுக்கு வீட்டை ஜோடிக்கப் போறீங்களா? முத்து கலரில் அசத்தலாம்... செலவும் கம்மி!

தூத்துக்குடி:
கிறிஸ்துமஸ் வந்தாலே முத்துநகர் கடைகளில் ஸ்டார், சீரியல் செட், குடில் பொம்மை வியாபாரம் களை கட்டிவிடும். பண்டிகை ஜோடனை என்றால் பளிச் சிவப்பு, அடர் பச்சை, தங்கக் கலர் ஜிகினா என்றுதான் பல காலமாகப் பழகிவிட்டோம். இப்போது 'பேஸ்டல்' எனப்படும் மென்மையான கலர் அலங்காரமும் பரவி வருகிறது. செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டு "நம்ம வீட்டையும் இப்படிப் பண்ணலாம்மா" என்று பிள்ளைகள் கேட்டால் தயங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் சாமான்களே இதற்குப் பாதி போதும்.

பேஸ்டல்னா என்ன?

எந்தக் கலராக இருந்தாலும் அதில் வெள்ளையை நிறையக் கலந்தால் கிடைப்பதுதான் பேஸ்டல். சிவப்பு இளம் ரோஸ் ஆகும். நீலம் வான நீலம் ஆகும். பச்சை பிஸ்தா கலராகும். ஊதா லாவண்டர் ஆகும்.

பெயர்தான் புதுசு. விஷயம் நமக்குப் பழசு. பண்டிகைக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் நீலத்தைக் கரைத்து அடிப்பார்கள் நம் தாத்தாக்கள். அந்த லேசான நீலச் சுவர் அசல் பேஸ்டல்தான்.

கடலிலும் இதே கலர்

நம்ம ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முத்தையே பாருங்கள். வெள்ளைதான், ஆனால் திருப்பிப் பார்த்தால் அதில் லேசாக ரோசும் பச்சையும் ஓடும். முத்துச் சிப்பியின் உள்பக்கமும் அப்படியே. இந்தக் கடலில் கடைசியாக பெரிய அளவில் முத்துக்குளித்தல் நடந்தது 1955 முதல் 1961 வரை. அதன்பிறகு 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். இன்று அசல் முத்துக்கு எங்கே போவது? பேன்சி ஸ்டோரில் கிடைக்கும் பிளாஸ்டிக் முத்துச் சரம் போதும், மரத்துக்கும் வாசலுக்கும் எடுப்பாக இருக்கும்.

கோவில் வழக்கத்திலும் இந்தக் கலர்கள் உண்டு. கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு ஊதா. அதில் 3-வது ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறுக்கு ரோஸ். கிறிஸ்து பிறப்பு அன்று வெள்ளை. ஊதா, ரோஸ், வெள்ளை மூன்றையும் மென்மையாக்கினாலே வீட்டு அலங்காரத்துக்குக் கலர் ரெடி.

பனியே பார்க்காத ஊரில் பனிமய மாதாவைக் கும்பிடுகிறோம். 1713-ல் கட்டப்பட்டு, 1982-ல் பசிலிக்கா அந்தஸ்து பெற்ற பேராலயம் அது. அந்தப் பனி வெள்ளையையே முதல் கலராக வைத்துக் கொள்ளலாம்.

எப்படிச் செய்வது?

* மூன்று கலருக்கு மேல் வேண்டாம். பாதிக்கு மேல் வெள்ளை இருக்கட்டும். மீதிக்கு ரோஸ், வான நீலம் என இரண்டு போதும். ஏழெட்டு கலர் சேர்ந்தால் மென்மை போய்விடும்.

* வெளுத்துப் போன காட்டன் சேலை இருந்தால் ஜன்னலுக்குத் திரையாகக் கட்டுங்கள். நாள்பட்ட சேலையில் வரும் மங்கல் கலர் கடையில் தேடினாலும் கிடைக்காது.

* கடல் தொழில் செய்யும் வீடுகளில் கிழிந்த வலை கிடக்கும். நன்றாக அலசிக் காயவைத்து, சுவரில் தொங்கவிட்டு, முத்துச் சரத்தைக் கோர்த்துவிடலாம். நைலான் வலை சூட்டில் உருகும் என்பதால் மெழுகுவர்த்தி பக்கத்தில் வேண்டாம்.

* சாப்பிட்டுத் தூக்கிப் போடும் மட்டியின் ஓட்டை வேகவைத்துக் கழுவி, வெள்ளை பெயிண்டில் ஒரு சொட்டு ரோஸ் கலந்து அடித்தால் மரத்தில் தொங்கவிட அழகான சிப்பி தயார்.

* கண்ணாடி டம்ளரில் நம்ம ஊர் கல்லுப்பைக் கொட்டி நடுவில் சின்ன மெழுகுவர்த்தி வைத்தால் பனி மாதிரியே தெரியும். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுக்கும், அதனால் டம்ளருக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். வயர் பக்கம் உப்பைக் கொண்டுபோகவே கூடாது.

* லைட் வாங்கும்போது 'வாம் ஒயிட்' என்று கேட்டு வாங்குங்கள். லேசான மஞ்சள் வெளிச்சம் அது. டியூப் லைட் வெளிச்சத்தில் மென்மையான கலர்கள் வெளிறித் தெரியும்.

குடிலுக்குப் புல்

குடில் வைக்கும் வழக்கத்துக்கு வயது 800 ஆண்டைத் தாண்டிவிட்டது. இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் 1223-ல் புனித பிரான்சிஸ் அசிசியார் மாடு, கழுதையோடு அமைத்த குடிலில் இருந்து பரவியது அது. நம்ம பக்கத்தில் குடிலுக்குக் கேழ்வரகு விதைத்து புல் வளர்ப்பார்கள். 10 நாளுக்கு முன்பு தட்டில் மண் பரப்பி விதைத்தால் போதும். வெயில் குறைவாகப் படும் இடத்தில் வைத்தால் புல் இளம் பச்சையாகவே வளரும். காசு கொடுக்காமல் கிடைக்கும் பேஸ்டல் பச்சை இது!

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

ஸ்டாருக்குள் 60 வாட்ஸ் குண்டு பல்பு போட்டு, தினம் 6 மணி நேரம் வீதம் 20 நாள் எரியவிட்டால் 7.2 யூனிட் ஆகும். அதே ஸ்டாரில் 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு போட்டால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். குண்டு பல்பு சூட்டில் பேப்பர் ஸ்டார் கருகி தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் எல்.இ.டி.தான் நல்லது.

உஷார்... உஷார்!

டிசம்பர் நமக்கு மழை மாதம். 2023 டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சுவர் ஈரமாக இருக்கும்போது அதில் ஆணி அடித்து சீரியல் செட் மாட்டுவது ஆபத்து.

கடல் காற்றில் உப்பு இருப்பதால் வயர் ஜாயிண்ட் சீக்கிரம் அரித்துவிடும். போன வருஷ சீரியல் செட்டை எடுத்தால் முதலில் வயரை முழுசாகத் தடவிப் பாருங்கள், பிளக்கில் சொருகுவது அதற்குப் பிறகுதான். வெடித்த வயர், டேப் சுற்றிய ஜாயிண்ட் இருந்தால் வெளியே மழையில் தொங்கவிடாதீர்கள். மெயின் போர்டில் இ.எல்.சி.பி. இருந்தால் கசிவு ஏற்பட்டதும் கரண்ட் தானாக நின்றுவிடும். தூங்கப் போகும் முன் லைட்டை அணைத்துவிடுங்கள். பனிக்காக ஒட்டும் பஞ்சு பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். மழையில் மின்கம்பி அறுந்து கிடந்தால் தொடாமல் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பவளப்பாறை கூடவே கூடாது!

வெள்ளையாக, கிளை கிளையாக அழகாக இருக்கிறதே என்று கரை ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டை எடுத்து ஷோகேசில் வைப்பவர்கள் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் பவளங்களையும் சேர்த்துவிட்டார்கள். எடுப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். சில வகைச் சங்குகளுக்கும் இதே சட்டம்தான். முன்பு சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடி பக்கம் இருந்த விலாங்குசல்லி தீவு கடலுக்குள் முங்கியே போனது. பாறை அலையைத் தடுத்தால்தான் தீவு நிற்கும், மீன் குஞ்சு பொரிக்கும், வலையில் பாடு கிடைக்கும். நம்ம பிழைப்பை உடைத்து வீட்டை ஜோடிக்கலாமா? சாப்பிட்ட மட்டி ஓடே போதும்.

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் முத்துச் சரம், ஸ்டார், லைட் எல்லாவற்றையும் துடைத்து, ஈரம் இல்லாமல் பேப்பரில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மங்கல் கலர் என்பதால் அழுக்கு சீக்கிரம் தெரியும். பத்திரமாக வைத்தால் அடுத்த கிறிஸ்துமசுக்கு அந்தக் காசில் பிள்ளைகளுக்கு ஒரு கிலோ மக்ரூன் கூடுதலாகவே வாங்கலாம்!