மேசைமேல் ஒரு துலா

“உது என்ன தம்பி, துலாவோ?” என்று பெரியப்பா கேட்டார். யாழ்ப்பாணத்து உடுப்பிட்டி வீட்டின் முன்னறை மேசையில் நான் அப்போது பூட்டிக்கொண்டிருந்தது ஒலிவாங்கியைத் தாங்கும் ஒரு கை. இரண்டு இரும்புத் தண்டுகளும், முழங்கைபோல் மடங்கும் ஒரு மூட்டும், பக்கங்களில் நான்கு சுருள்வில்களும், அடியில் மேசை விளிம்பைக் கவ்வும் ஒரு கிளாம்பும் உடையது. எண்பது வயதைக் கடந்தவரும், இளமையில் வெங்காயத் தோட்டத்துக்குத் துலா மிதித்து நீர் இறைத்தவருமான அவர் கேலியாகத்தான் அப்படிக் கேட்டார் என்று அன்று நினைத்தேன். பின்னர் நேர்ந்தவற்றை எண்ணிப் பார்க்கும்போது, அந்தச் சாதனத்தைப் பற்றி அவ்வளவு பொருத்தமான வார்த்தையை எந்த விளம்பரத்திலும் நான் படித்ததில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

கை எதற்காக வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, எதிரே இருக்கும் மற்றொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்லுவார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வாழ்க்கை முறைக்குக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயர் சூட்டியதை அறிந்தவர்களுக்கு, அந்த வாசிப்பு இவ்வூர் மனிதரின் செவியில் எவ்வளவு ஆழமாக ஊறியது என்பதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. பெரியப்பா நெடுங்காலம் வாசித்தவர். இப்போது கோயில் வரை நடந்துபோக முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஆகவே, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டபடி, அவருடைய வாசிப்பை வீட்டிலேயே பதிந்து அனுப்புவதென்று முடிவாயிற்று. இத்தகைய குரல்களுக்கு இன்று குடும்பத்துக்கு வெளியிலும் ஓர் இடம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் தொடங்கி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனம், ஒலிப்பதிவுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் பேணி வருகிறது.

முதற் பதிவைக் கைத்தொலைபேசியை மேசையில் கிடத்தியே செய்தோம். பெரியப்பாவின் குரல் வெண்கல மணி போன்றது. ஆயினும் பதிவைப் போட்டுக் கேட்டபோது, காற்றாடியின் இரைச்சலும், முற்றத்து வேம்பில் இருந்த காகத்தின் கரைதலும், சீமெந்துச் சுவர்களில் மோதித் திரும்பிய எதிரொலியுமே முன்னே வந்து நின்றன. அவரோ கிணற்றுக்குள் இருந்து வாசிப்பவர்போலப் பின்னே ஒதுங்கிவிட்டார். இதற்குக் கருவியைக் குறைசொல்வது எல்லாருக்கும் இயல்பு. நானும் அதைத்தான் செய்து, கடன்பட்டு ஒரு நல்ல ஒலிவாங்கி வாங்கினேன். அதையும் மேசையில், அதனோடு வந்த சிறு தாங்கியிலேயே நிறுத்தினேன். காகம் முன்னிலும் தெளிவாகக் கேட்டது!

விஷயம் தூரத்தில் இருந்தது. திறந்த வெளியில், தூரம் பாதியாகும்தோறும் ஒலி ஆறு டெசிபல் வலுக்கும் என்பது பௌதிக நியதி. வாயிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கும் ஒலிவாங்கியை 12½ சென்ரிமீற்றருக்கு, அதாவது அரைச் சாணுக்குச் சற்று அதிகமான தூரத்துக்குக் கொண்டுவந்தால், குரல் 12 டெசிபல் அளவுக்கு உயர்கிறது. அறையின் எதிரொலியோ எங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருப்பதால், அது உயராமல் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது. இலங்கை வானொலியில் எஸ்.பி. மயில்வாகனனும், பின்னாளில் கே.எஸ். ராஜாவும் பேசியபோது, அவர்கள் நம் திண்ணையில் வந்து அமர்ந்து பேசுவதாகத் தோன்றியதற்கு அவர்களுடைய குரல்வளம் ஒரு காரணமென்றால், எதிரொலியை உறிஞ்சும் கலையகச் சுவர்களும் வாயருகே நின்ற ஒலிவாங்கியும் மற்றொரு காரணம். 1990-க்குப் பின், போரால் மின்சாரமும் பற்றரியும் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஒரு குரலைக் கேட்க எவ்வளவு சிரமப்படலாம் என்பது எங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்கும் அதையே விதிக்க எனக்கு மனமில்லை.

ஆனால், வாசிப்பவரின் வாய்க்கு அரைச் சாண் தூரத்தில் ஒலிவாங்கியை எப்படி நிறுத்துவது? மேசையில் புராண ஏடு விரிந்து கிடக்கிறது. அதற்கு முன்னால் தாங்கியை வைத்தால் எழுத்து மறைகிறது. பக்கம் புரட்டும்போதெல்லாம் கை இடிக்கிறது. இராகம் இழுக்கும்போது உடம்பும் சற்று அசையும். மேசையில் இடம் பிடிக்காமல், ஆகாயத்தில் தொங்குவதுபோல் வந்து, வேண்டிய இடத்தில் நின்று, வேண்டாதபோது விலகிப்போகும் ஒரு கைதான் இதற்குப் பரிகாரம்.

இந்தக் கையின் பூர்வீகம் மேசை விளக்கு. இங்கிலாந்தின் பாத் நகரில் மோட்டார் வண்டிகளின் அதிர்வுதாங்கும் வில்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஜோர்ஜ் கார்வார்டைன் என்ற பொறியியலாளர், எந்தக் கோணத்தில் மடக்கினாலும் அப்படியே நிற்கும் ஒரு கையை ஆக்கி 1932-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ‘ஆங்கிள்பொய்ஸ்’ என்று அந்த விளக்கு பெயர்பெற்றது. நோர்வேயின் யாக் யாக்கொப்சன் 1937-இல் அதைத் தழுவி ‘லக்சோ’ விளக்கை வெளியிட்டார். விளக்கு இருந்த நுனியில் ஒலிவாங்கியை மாட்டியது வானொலிக்காரர்களின் யுக்தி. (சினிமாக்காரர்கள் வேறு வழியில் போனார்கள்: 1929-இல் ‘வைல்ட் பார்ட்டி’ என்ற படத்தை எடுத்த டொரத்தி ஆர்ஸ்னர், நடிகையின் தலைக்குமேல் ஒலிவாங்கியை ஒரு தூண்டிற் கம்பில் கட்டித் தொங்கவிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை.)

இனித் துலாவுக்கு வருவோம். கிணற்றுத் துலாவில், ஆடுகாலின்மேல் அச்சுலக்கையில் ஏறிக் கிடக்கும் நெடுமரத்தின் ஒரு நுனியில் பட்டை, மரத்தின்மேல் மிதிப்பவர். அவர் முன்னே நடக்கப் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னே நடக்க நீரோடு ஏறும். நிறைந்த பட்டையின் பாரத்தை மிதிப்பவர் தம் உடற்பாரத்தால் சமன் செய்கிறார். ஒலிவாங்கிக் கையிலும் நுனியில் பாரம் இருக்கிறது. சமன் செய்யும் உத்தியோகத்தைச் சுருள்வில் ஏற்றுக்கொள்கிறது. ஒரேயொரு வித்தியாசம்: பட்டை அரைவாசி நிறைந்ததா, முழுதும் நிறைந்ததா என்பதை மிதிப்பவர் உள்ளங்காலால் அறிந்து நடையை மாற்றுவார், வில்லுக்கு அந்த ஞானம் கிடையாது. தனக்கு விதிக்கப்பட்ட பாரம் எதுவோ, அதை மாத்திரமே அது அறியும்.

கை வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், நிறையைப் பார்ப்பதில்லை. ரோட் நிறுவனத்தின் பிஎஸ்ஏ1 என்ற பிரசித்தமான கைக்கு 700 கிராமிலிருந்து 1.1 கிலோகிராம் வரை என்று எல்லை விதித்திருக்கிறார்கள். பாடகர்கள் கையிற் பிடிக்கும் ஷூர் எஸ்எம்58 ஒலிவாங்கி ஏறத்தாழ 300 கிராம்; அதை அந்தக் கையில் மாட்டினால், வில் பலத்தால் அது கூரையை நோக்கி எழும்பும். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்7பி 765 கிராம் அளவில் இருப்பதால் அங்கே அமைதியாக நிற்கும். ரோட் பொட்மைக் 900 கிராமுக்கு மேல்; மெல்லிய மலிவுக் கைகள் பல அதைத் தாங்காமல் தளரும். அதிக விலை கொடுத்த கை எல்லாவற்றையும் தாங்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு பிழையோ, மலிவான கை எதற்கும் உதவாது என்ற அபிப்பிராயமும் அவ்வளவு பிழை. முந்நூறு கிராம் ஒலிவாங்கிக்கு மலிவான கைதான் சில வேளைகளில் பொருத்தமான கை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. படத்தைப் பார்த்து இணையத்தில் ஒரு கையை வருவித்தேன். அதில் எத்தனை கிராம் தாங்கும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒலிவாங்கியை மாட்டினேன், நின்றது. பெரியப்பா வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது செய்யுள் நடந்துகொண்டிருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாகக் கை தாழத் தொடங்கிற்று. வாசிப்பை இடையில் நிறுத்துவது முறையன்று என்பதால், பெரியப்பா அதனோடு கூடவே தலையைத் தாழ்த்திக்கொண்டு போனார்; ஐந்தாவது செய்யுளில் ஒலிவாங்கி ஏட்டின்மேல் வந்து படிந்தது; அவருடைய மூக்கும் அதற்குச் சமீபத்தில் இருந்தது. செய்யுளை முறைப்படி முடித்த பிறகே, “தம்பி, உது கும்பிடத் தொடங்கிட்டுது” என்றார்.

மறுநாள் ஒலிவாங்கியைச் சந்திக் கடைக்குக் கொண்டுபோய், பருப்பு நிறுக்கும் தட்டில் வைத்தேன். “கிலோ என்ன விலை போகுது அண்ணை?” என்று கடைக்காரர் கேட்டார். ஒலிவாங்கி தனியே 550 கிராம். அதிர்வுதாங்கும் வளையமும், வாய்க்காற்றைத் தடுக்கும் திரையும், கையோடு ஓடும் வயரின் பாதியும் சேர்த்து நிறுத்தபோது 900 கிராம்! கைக்குத் தெரிவது இந்த இரண்டாவது கணக்குத்தான். வாங்குமுன் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பார்ப்பதும், விற்பவர் சொல்லும் எல்லையின் இரு நுனிகளுக்கும் இடையில் அந்தத் தொகை வசதியாக விழுகிறதா என்று பார்ப்பதும், தாங்கும் நிறை இன்னதென்று சொல்லாத கையைத் தொடாமல் விடுவதும் அந்த ஐந்து செய்யுள்களில் நான் பெற்ற கல்வி. உயர்ந்த எல்லையை மாத்திரம் சொல்லித் தாழ்ந்த எல்லையைச் சொல்லாதவர்களிடம் அதையும் கேட்க வேண்டும்.

அடுத்தது மேசை. எங்கள் மேசை பாட்டனார் காலத்துப் பலாமரத்து மேசை. யானை ஏறினாலும் அசையாது. ஆனால் வாசிப்பவர் இருக்கும் பக்கத்தில் லாச்சி இருப்பதால், கிளாம்பின் கீழ்த்தாடைக்குக் கவ்வ இடமில்லை. பின்விளிம்பில் பூட்டினேன். அங்கிருந்து பெரியப்பாவின் வாய்க்கு முக்கால் மீற்றர். கை முழுதும் நீண்டுவிட்டது. 900 கிராம் பாரம் 75 சென்ரிமீற்றர் தள்ளித் தொங்குவது, மேசை விளிம்பைப் பொறுத்தவரையில், ஒன்பது கிலோவை ஏழரைச் சென்ரிமீற்றர் தள்ளித் தொங்கவிட்டதற்குச் சமம். கையின் சொந்த நிறை வேறு. பலாமரம் பொறுத்தது. கண்ணாடிப் பலகை போட்ட மேசையில் இதைச் செய்வது அபாயம். பிளாஸ்ரிக் மேசை வளைந்து கொடுக்கும். அழுத்திய மரத்தூள் பலகையில் நாளடைவில் பள்ளம் விழும். அத்தகைய பலகையானால் கிளாம்பின் மேலும் கீழும் கையகலத் தடித்த மரத்துண்டு ஒவ்வொன்று வைத்து இறுக்கினால், அழுத்தம் பரவிப்போகும். ஆக, படத்தில் கை எவ்வளவு அழகாக இருந்தாலும், விளிம்பின் தடிப்பையும், அடியில் இருக்கும் வெற்றிடத்தையும், அங்கிருந்து வாய்க்குள்ள தூரத்தையும் ஒரு நாடாவால் அளந்தபின் பணத்தை எடுப்பதே உத்தமம்.

வில்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவுக் கைகளில் அவை வெளியே தெரியும். விலை கூடியவற்றில் தண்டுக்குள் மறைந்திருக்கும். வெளியே இருக்கும் வில், மேசையில் விரல் பட்டாலும் தம்புராத் தந்திபோல் ரீங்கரிக்கும். அந்த நாதம் கந்தபுராணத்துக்குச் சுருதி சேராது. பழைய சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டி ஒவ்வொரு வில்லுக்குள்ளும் நுழைத்துவிட்டேன். இன்னொரு துண்டைக் கிளாம்பின் இரு தாடைகளிலும் வைத்தேன். ரீங்காரம் அடங்கிற்று, பக்கம் புரட்டும் அதிர்வும் பாதியாயிற்று. செலவு ஒன்றுமில்லை.

திருகாணிப் புரியில் ஒரு சிறு சங்கடம் நேரலாம். ஒலிவாங்கித் தாங்கிகளில் 5/8 அங்குலம், 3/8 அங்குலம் என இரண்டு அளவுகள் உலகில் வழங்குகின்றன. ஒன்றை மற்றொன்றாக்கும் சிறு பித்தளை வளையம் பெரும்பாலும் கையோடு வரும், வந்த அன்றே தொலைந்தும் போகும். பெட்டியைப் பிரிக்கும்போதே அதை எடுத்துத் திருகி வைத்துவிடுங்கள்.

எல்லாருக்கும் இந்தக் கை வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பேன். வருஷத்தில் இரண்டு முறை பேசிப் பதிபவர், சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கியோடு திருப்தி அடையலாம். நிலத்தில் நிற்கும் குறுக்குத்தண்டுத் தாங்கி, மேசையின் தயவை எதிர்பாராமல் நிற்பது; கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவரிடம் அப்படி ஒன்று சும்மா கிடக்கும், கேட்டால் தருவார். பழைய மேசை விளக்கின் கையைக் கழற்றி ஒலிவாங்கி மாட்டலாம் என்று சிலர் சொல்வதுண்டு; விளக்கின் தலை மிகவும் இலேசு என்பதை மறந்து சொல்லும் யோசனை அது.

நான் இரண்டாவதாக வாங்கிய கையும் மலிவானதுதான். ஆனால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தாங்குவதாக எழுத்தில் சொன்னவர்களிடம் வாங்கினேன். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே நிறுத்தாமல், கடைவாய்ப் பக்கமாகச் சற்று ஒதுக்கி, அதன் முகத்தை வாயை நோக்கிச் சரித்து வைத்தேன். பகரத்தில் புறப்படும் காற்று நேரே மோதாமல் விலகிப் போயிற்று. அதிலும் முதல் நாள் ஒரு தவறு: நுனியை வாய்க்குக் காட்டிவிட்டேன்; எங்கள் ஒலிவாங்கி பக்கவாட்டில் கேட்கும் ஜாதி, உச்சந்தலையில் பேசினால் அதற்குச் செவி மந்தம்.

இப்போது எதிர்க் கதிரையில் பயன் சொல்பவரும் வந்து உட்காருகிறார். ஒலிவாங்கி ஒன்றுதான். செய்யுள் முடிந்ததும் பெரியப்பா ஏட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒற்றை விரலால் கையை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார். அது போய், விட்ட இடத்தில் நிற்கிறது. பயன் சொல்பவர் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்கிறார். அதை வெட்டிவிடவா என்று ரொறன்ரோவிலுள்ள பேத்தியிடம் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.