சுருட்டு பற்றவைக்க லைட்டரா, தீக்குச்சியா? குடியாத்தம் வரை நீளும் நெருப்புக் கணக்கு!

அரக்கோணத்தில் ரயிலை விட்டு இறங்கி, பெட்டிக்கடையில் ‘நெருப்பு இருக்கா?’ என்று கேட்டால் இரண்டில் ஒன்று கைக்கு வரும். ஒன்று, இரண்டு ரூபாய் தீப்பெட்டி. இன்னொன்று, கலர் கலராகக் கிடைக்கும் பிளாஸ்டிக் லைட்டர். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எது கிடைத்தாலும் ஒன்றுதான். ஆனால், சுருட்டு பிடிப்பவர்கள் மட்டும் ‘எதில் பற்றவைப்பது?’ என்று யோசிப்பார்கள்.

கேட்க சின்ன விஷயம்தான். ஆனால், இதே கேள்வி தமிழ்நாட்டில் லட்சம் பேரின் பிழைப்போடு சம்பந்தப்பட்டது. அரக்கோணத்திலிருந்து ஜோலார்பேட்டை பக்கம் போகும் ரயிலில் ஏறினால், காட்பாடி தாண்டி, ஆம்பூருக்கு முன்பே வருகிற ஊர் குடியாத்தம். பீடி, லுங்கி, தீப்பெட்டி என மூன்றுக்கும் பெயர் போன ஊர். அங்கே தீக்குச்சிக்கும் லைட்டருக்குமான போட்டி என்பது வேலை இருக்குமா, இருக்காதா என்ற கேள்வி.

சுருட்டை எப்படிப் பற்றவைக்கிறார்கள்? எந்த நெருப்பு அதற்குச் சரி? லைட்டருக்கு மத்திய அரசு ஏன் தடை போட்டது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருட்டு மட்டும் ஏன் டக்கென்று பற்றாது?

சிகரெட்டில் இருப்பது பொடிப்பொடியாக நறுக்கிய புகையிலை. மேலே மெல்லிய பேப்பர். நெருப்பு பட்டவுடன் பிடித்துக்கொள்ளும். சுருட்டு அப்படி இல்லை. உள்ளே மடித்த இலை, அதைக் கட்டி நிறுத்த ஒரு இலை, மேலே அழகுக்குச் சுற்றிய மெல்லிய இலை என எல்லாமே இலைதான். சுற்றளவு அதிகம், உள்ளே லேசான ஈரப்பதமும் இருக்கும்.

அதனால், சுருட்டின் முனையில் ஒரு ஓரம் மட்டும் முதலில் பற்றினால், கடைசி வரை அந்தப் பக்கமே வேகமாக எரியும். மறுபக்கம் கரியாமல் அப்படியே நிற்கும். நெருப்பை நேராக வைத்து அழுத்தினால் இலை கருகி, முதல் இழுப்பிலேயே கசக்கும். ‘முனை முழுக்க ஒரே சீராகப் பற்ற வேண்டும், ஆனால் கருகக் கூடாது’. சுருட்டுக்கான எல்லா உத்தியும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

நம்ம ஊர் சுருட்டுக்கும் இதே கதைதான். திருச்சி உறையூர் சுருட்டு ஒரு காலத்தில் இங்கிலாந்து வரை போனது. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலைப் பார்த்து ‘இது திருச்சினாப்பள்ளி சுருட்டு’ என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். கியூபா சுருட்டுக்கு ஒரு முனை மூடியிருக்கும், அதை வெட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். நம்ம ஊர் வகைக்குப் பெரும்பாலும் இரண்டு முனையும் திறந்தே இருக்கும். வெட்டும் வேலை மிச்சம், பற்றவைக்கும் வேலை மட்டும் அதேதான்.

தீக்குச்சியில் பற்றவைப்பது எப்படி?

தீக்குச்சி உரசியதும் குப்பென்று ஒரு வாடை வரும், கவனித்திருப்பீர்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். இரண்டும் உரசும்போதுதான் தீ பிறக்கிறது. அந்த முதல் தீயில் கந்தக வாடை இருக்கும். அதை அப்படியே சுருட்டில் வைத்தால் அந்த வாடையும் புகையோடு சேர்ந்து வரும்.

எனவே, முதல் விதி: உரசியதும் இரண்டு, மூன்று விநாடி பொறுக்க வேண்டும். தலை எரிந்து முடிந்து, தீ மரத்துக்கு இறங்கிய பிறகுதான் சுருட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, சுருட்டை உடனே வாயில் வைக்கக் கூடாது. கையில் சாய்வாகப் பிடித்து, தீ நேரடியாகத் தொடாமல் சற்று மேலே வைத்து, முனையை மெல்லச் சுற்ற வேண்டும். அப்பளம் சுடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஓரம் முழுக்க லேசாகக் கருத்து, புகை கிளம்பும்.

மூன்றாவது, அதன் பிறகுதான் வாயில் வைத்து, தீயை அருகே காட்டியபடி சுற்றிக்கொண்டே மெதுவாக இழுப்பார்கள். கடைசியாக, முனையில் லேசாக ஊதிப் பார்ப்பார்கள். வட்டம் முழுக்க ஒரே மாதிரி கனன்றால் சரி. எங்காவது கருப்பாக நின்றால், அந்த இடத்தில் மட்டும் மீண்டும் தீ காட்ட வேண்டும்.

இதில் ஒரே ஒரு சிக்கல்தான். சாதாரண தீக்குச்சி குட்டையானது, முனை முழுக்கச் சுடுவதற்குள் விரலைத் தொட்டுவிடும். தடிமனான சுருட்டுக்கு இரண்டு, மூன்று குச்சி ஆகும். அதனால்தான் வெளிநாடுகளில் சுருட்டுக்கென்றே நீளமான குச்சிகள் விற்கிறார்கள். சுருட்டுப் பெட்டிக்குள் வரும் மெல்லிய செடார் மரச் சீவலைக் கிழித்து, அதில் தீ ஏற்றிப் பற்றவைப்பவர்களும் உண்டு. கந்தக வாடையே வராது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

லைட்டரில் எது சரி?

லைட்டரில் முக்கியமாக மூன்று வகை. முதலாவது, மஞ்சள் தீ வரும் சாதாரண கேஸ் லைட்டர். உள்ளே இருப்பது பியூட்டேன். இதற்கு வாடை கிடையாது, சுருட்டின் ருசியைக் கெடுக்காது. ஆனால் காற்றடித்தால் அணைந்துவிடும்.

இரண்டாவது, ‘உஸ்ஸ்’ என்ற சத்தத்தோடு நீல நிறத்தில் பீய்ச்சும் டார்ச் லைட்டர். இதுவும் பியூட்டேன்தான். காற்றுக்கு அசராது, சீக்கிரம் பற்றும். அதுவே அதன் ஆபத்தும்கூட. சூடு ரொம்ப அதிகம் என்பதால், கிட்டே வைத்தால் ஒரு நொடியில் இலை கருகிவிடும். இரண்டு விரல் தூரமாவது தள்ளிப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, திரி வைத்த பெட்ரோல் லைட்டர். மூடியைத் திறக்கும் சத்தம் ஸ்டைலாக இருக்கும். ஆனால் எரிபொருள் வாடை சுருட்டில் ஏறிவிடும் என்பதால், சுருட்டு பிடிப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தொடமாட்டார்கள். மெழுகுவர்த்தியும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்கிறார்கள், மெழுகு வாடை ஒட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரியிலேயே ஆவியாகிவிடும். லைட்டருக்குள் அது திரவமாக இருப்பது அழுத்தத்தால் மட்டுமே. வெயில் ஏற ஏற உள்ளே அழுத்தமும் ஏறும். வேலூர், ராணிப்பேட்டை வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டில் லைட்டரைப் போட்டு வைப்பது, சின்ன வெடியை வைப்பதற்குச் சமம்.

ஆக, வாடை போகும் வரை பொறுத்து, சுற்றிச் சுற்றிச் சுட்டால் தீக்குச்சியும் கேஸ் லைட்டரும் செய்வது ஒரே வேலைதான். காற்று வீசும் இடத்தில் மட்டும் லைட்டருக்கு மதிப்பு கூடுதல். அப்படியானால் கடைகளில் லைட்டர் ஏன் ஜெயிக்கிறது? காரணம் விலை.

குடியாத்தத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டில் தீப்பெட்டி என்றதும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிதான் நினைவுக்கு வரும். 1920-களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு தெற்கே வேர்விட்ட தொழில் இது. வடக்கே அந்த வரிசையில் வரும் ஊர் குடியாத்தம். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இந்த வேலூர், ஆம்பூர் பகுதியில், தோலுக்கும் ஷூ கம்பெனிக்கும் போகாத பல பெண்களுக்குப் பீடியும் தீப்பெட்டியும்தான் கைவேலை.

இந்த வேலைக்கு வெயில் வேண்டும். மருந்து தோய்த்த குச்சி காய வேண்டும், பெட்டியில் பூசிய மருந்து காய வேண்டும். அடைமழை பிடித்தால் வேலையும் நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும்.

ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 14 ஆண்டுகளுக்குப் பிறகு 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் இரண்டு ரூபாய் ஆனது. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, பேப்பர் என மூலப்பொருட்கள் விலை ஏறியதே அதற்குக் காரணம். அதற்கு முன், கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம் என இருந்த ஜி.எஸ்.டி., 2020 ஏப்ரல் முதல் ஒரே விகிதமாக்கப்பட்டது. இயந்திரத் தீப்பெட்டியோடு மோதும்போது கைவேலைக்கு இருந்த வரிச் சலுகை அத்தோடு போனது.

இந்த நிலையில்தான் சீனா உள்ளிட்ட நாடுகளிலிருந்து பிளாஸ்டிக் லைட்டர்கள் குவிந்தன. 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதிய கடிதத்தில், 10 ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துவிடுகிறது என்று சுட்டிக்காட்டினார். தென் மாவட்டங்களில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், அதிலும் பெரும்பாலும் பெண்கள், இந்தத் தொழிலை நம்பியிருப்பதாகவும் அதில் குறிப்பிட்டிருந்தார்.

கணக்கு எளிது. 20 தீப்பெட்டி வாங்க 40 ரூபாய். லைட்டருக்கு 10 ரூபாய். வாங்குபவருக்கு 30 ரூபாய் மிச்சம். குச்சி அடுக்குபவர், பெட்டி ஒட்டுபவர், பண்டல் கட்டுபவர் என்ற வரிசைக்கு, அந்த 20 பெட்டி வேலையும் இல்லை. காலியான லைட்டரோ பிளாஸ்டிக்கும் இரும்புமாகக் குப்பையில் கிடக்கும்.

தடை இருந்தும் லைட்டர் ஏன் கிடைக்கிறது?

2023 ஜூன் மாதம் 29-ஆம் தேதி, மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 20 ரூபாய்க்குக் குறைவாக வரும் சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை. கவனிக்க வேண்டியது, தடை இறக்குமதிக்குத்தான். இங்கே லைட்டர் தயாரிக்கவோ, விற்கவோ இந்த அறிவிப்பு தடை போடவில்லை.

இந்த இடைவெளியில்தான் பிரச்னை. முழு லைட்டராக வராமல், உதிரி பாகங்களாக வந்து இங்கே பொருத்தப்படுகின்றன என்று தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் புகார் சொன்னார்கள். 2024 அக்டோபரில் பாக்கெட் லைட்டர் பாகங்களின் இறக்குமதிக்கும் மத்திய அரசு தடை விதித்தது.

எங்கே பற்றவைத்தால் சிக்கல்?

நெருப்பு எதுவாக இருந்தாலும் இடம் முக்கியம். பொது இடத்தில் புகைபிடித்தால், 2003-ஆம் ஆண்டு புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 200 ரூபாய் வரை அபராதம். ரயில் நிலையமும் பொது இடம்தான். ஓடும் ரயிலில் பிடித்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167-ஆவது பிரிவு இருக்கிறது.

அபராதத் தொகை சின்னது, ஆபத்து அப்படியல்ல. 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி, மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டரால் தீ பிடித்து 9 பேர் இறந்தார்கள். எளிதில் தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோனால் 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம் என்கிறது 164-ஆவது பிரிவு.

‘சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஒண்ணும் ஆகாது’ என்று சொல்பவர்களும் உண்டு. அது தவறு. சுருட்டின் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் சிகரெட்டைப் போலவே இதற்கும் உண்டு.

தீப்பெட்டி வாங்குபவர்கள் எல்லோரும் புகைபிடிப்பவர்களும் இல்லை. விளக்கேற்ற, கற்பூரம் காட்ட, அடுப்பு மூட்ட என்று வீட்டில் நெருப்புக்கு ஆயிரம் தேவை. சுருட்டை விட்டவரும் வீட்டுக்கு ஒரு தீப்பெட்டி வாங்கத்தான் செய்வார். குடியாத்தத்துக் கைகளுக்கு வேலை கொடுப்பது அந்த இரண்டு ரூபாய்தான்.